மகன் வாட்ச்சில் இருக்கும்போது அப்பா தூங்க வேண்டும்

கேள்வி: எனக்கு 49 வயது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன். சொந்தமாக 36 அடி பாய்மரப் படகு உண்டு; பல வருடங்களாக இங்கிலீஷ் கால்வாயில் ஓட்டிப் பழக்கம். மகனுக்கு 18 ஆகப்போகிறது. ஜூனில் ஏ-லெவல் தேர்வு முடிகிறது. பல்கலைக்கழகத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, நாம் இருவருமாக அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் போகலாமா என்று கேட்டேன். "ம், சரி" என்றான். கொஞ்ச வருடங்களாக அவன் என்னிடம் பேசுவதே இந்த அளவில்தான். வீட்டில் எப்போதும் ஹெட்போன், சாத்திய கதவு. கடலில் வேறு யாரும் இல்லாமல் இருந்தால் மனம்விட்டுப் பேசுவான் என்று நம்புகிறேன். அதற்காகவே படகில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வேண்டாம் என்று நினைக்கிறேன். மனைவிக்குப் பயம், ஆனால் தடுக்கவில்லை. பயணத்தை எப்படி அமைத்தால் நாங்கள் நெருங்கி வருவோம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஸ்டார்லிங்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். வையுங்கள். நடுக்கடலில் வானிலைப் படம் இறக்குவதற்கும், உடம்புக்கு ஏதாவது என்றால் கரையில் இருக்கும் மருத்துவரிடம் பேசுவதற்கும் இன்று அதைவிட வசதியான வழி கிடையாது. தவிர, பேசாத பையனை எழுந்து போக முடியாத இடத்தில் உட்காரவைத்தால் பேசிவிடுவான் என்பது போலீஸ் விசாரணை முறை. அவன் வயதில் நண்பர்கள்தான் பாதி உயிர். அதைப் பிடுங்கிக்கொண்டால் பேசத்தான் செய்வான், ஆனால் நீங்கள் கேட்க விரும்புவதை அல்ல. மேலும் அந்த டிஷ் பேட்டரியைத் தின்னும். எப்படியும் நாள் முழுக்கப் போட்டுவைக்க முடியாது. சோலார் எவ்வளவு தருகிறது, ஃப்ரிட்ஜ், ஆட்டோபைலட், விளக்கு எல்லாம் எவ்வளவு எடுக்கிறது என்ற கணக்கை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதை அவனே முடிவு செய்வான். நீங்கள் போட்டிருக்கக்கூடிய தடையைவிட அவன் போடுவது கடுமையாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். ஒரே படகில் இருவர் மூன்று வாரம் இருந்தால் எந்நேரமும் சேர்ந்தே இருப்போம் என்று நினைக்கிறீர்கள். கால்வாயில் நீங்கள் ஓட்டியதெல்லாம் பெரும்பாலும் பகல் ஓட்டமாக இருக்கும். அதனால் அப்படித் தோன்றுகிறது. கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,700 கடல் மைல். உங்கள் அளவுப் படகு சராசரியாக ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 130 மைல், ஆக இருபது நாளுக்குக் கொஞ்சம் மேல். டிசம்பரில் அந்த அட்சரேகையில் இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம். இருவர் மட்டும் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி, ஒவ்வொருவரும் இரவில் இரண்டு வாட்ச், அதாவது காவல் முறை, பார்க்க வேண்டும். இரவில் விட்ட தூக்கத்தைப் பகலில் பிடிக்க வேண்டும். அவன் மேலே இருக்கும்போது நீங்கள் கீழே தூங்குவீர்கள். நீங்கள் மேலே வந்தால் அவன் கீழே போய்விடுவான். மாலைச் சாப்பாடு ஒன்றைத் தவிர, உண்மையில் வீட்டில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள்.

வாட்ச் மாறும் அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைப்பது. இரவு இரண்டே முக்கால். கீழே படுக்கையில், உருண்டு விழாமல் இருக்கக் கட்டிய துணித் தடுப்புக்குள் ஒருவர் அசந்து தூங்குகிறார். மற்றவர் வந்து தோளைத் தொட்டு எழுப்புகிறார். எழுந்தவர் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் ஜாக்கெட், லைஃப் ஜாக்கெட் மாட்டி, படியில் நின்றபடியே பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைக் காக்பிட் (உட்கார்ந்து படகை ஓட்டும் இடம்) வளையத்தில் மாட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்கிறார். கையில் ஒரு குவளை டீ. கண் இருட்டுக்குப் பழகும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "திசை 260. காற்று கொஞ்சம் பின்னால் திரும்பியிருக்கிறது. இடது பக்கம் ஒரு வெளிச்சம், சரக்குக் கப்பல். ரெண்டு மைல் தள்ளிப் போகும்னு ஏஐஎஸ் காட்டுது. ஒரு தடவை மழை மேகம் வந்துபோச்சு." (ஏஐஎஸ் என்பது சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தையும் போக்கையும் காட்டும் கருவி.) அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஒருவர் கீழே போய்விடுகிறார்.

நீங்கள் தேடும் நெருக்கம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். வராமல் கெடுவதும் இங்கேதான். ஏனென்றால் கீழே போன அப்பா தூங்குவதில்லை. பாய் சடசடத்தால் தலை வெளியே வரும். "எல்லாம் சரியா?" மறுபடி பத்து நிமிடத்தில், "அந்தக் கப்பல் போய்விட்டதா?" இங்கிலாந்தின் தென்கரையில் குடும்பங்களுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அம்மாக்களைவிட அப்பாக்கள்தான் இதில் மோசம். தலை நாலைந்து முறை எட்டிப் பார்த்த பிறகு பையன் ஒரு முடிவுக்கு வந்துவிடுவான்: இது என் வாட்ச் இல்லை, அப்பாவின் வாட்ச்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதன்பின் கண் கடலை விட்டுப் போனுக்குப் போகும். நீங்கள் அதைப் பார்த்துத் திட்டுவீர்கள். வீட்டில் நடப்பது அப்படியே அட்லாண்டிக்கிலும் நடக்கும்.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். அவன் பேசுவானா என்பது இருக்கட்டும். அவன் மேலே தனியாக இருக்கும்போது உங்களால் மூன்று மணி நேரம் தூங்க முடியுமா? ஒருவன் தன் உயிரை நம் கையில் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிறான் என்றால், அதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் பேச்சிலும் காட்ட முடியாது. பதினெட்டு வயதுக்காரனுக்கு அது உடனே புரியும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. சரக்குக் கப்பலில் நான் தேர்டு மேட்டாக, அதாவது இளநிலை அதிகாரியாக, இருந்தபோது கேப்டன் இரவு படுக்கப் போகுமுன் நைட் ஆர்டர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எந்தத் திசை, எந்த இடத்தில் கவனம், எந்தக் கப்பல் எவ்வளவு நெருங்கினால் எழுப்ப வேண்டும், எல்லாம் இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் கூப்பிடு. இருபத்துச் சொச்சம் வயதுப் பையன்களிடம் பெரிய பெரிய கப்பல்களை இரவெல்லாம் விட்டுவிட்டுத் தூங்குகிற தொழில் இது. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். காற்று 20 நாட் வேகத்தைத் தாண்டினால் எழுப்பு. ஒரு கப்பல் ஒரு மைலுக்குள் வரும் என்று ஏஐஎஸ் காட்டினால் எழுப்பு. காக்பிட்டை விட்டு முன்பக்கம் போக வேண்டுமென்றால் எந்தக் காரணத்துக்கும் எழுப்பாமல் போகாதே. இந்த ஒன்றில் விதிவிலக்கே கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். காக்பிட்டிலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரியும் தொடுவானம் ஏறக்குறைய மூன்று மைல்தான். பெரிய கப்பலின் விளக்கு அதையும் தாண்டித் தெரியும் என்றாலும், 20 நாட் வேகத்தில் வருகிற கப்பலும் ஐந்தரை நாட் வேகத்தில் போகிற நீங்களும் நேருக்கு நேர் என்றால், ஆறு மைல் தூரம் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் செய்வான்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம், அவன் முதல் தடவை உங்களை எழுப்புவது. நிச்சயம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குத்தான் எழுப்புவான். தூரத்தில் வெளிச்சம் என்பான். மேலே வந்து பார்த்தால் அப்போதுதான் உதிக்கிற வெள்ளிக் கிரகமாக இருக்கும். (அனுபவசாலிகளே ஏமாந்திருக்கிறார்கள்.) அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் ஒரு சலிப்பு, "இதுக்கா எழுப்பினே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த தடவை உண்மையிலேயே கப்பல் வரும்போது எழுப்பத் தயங்குவான். "நல்லதாப் போச்சு, எழுப்பினது சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள். பாயைச் சுருக்குவதிலும் இதே கதைதான். வாட்ச்சில் இருப்பவர் ரீஃப் போடலாம் (பாயின் பரப்பைக் குறைக்கலாம்) என்றால் போட வேண்டும், விவாதம் கிடையாது. அரை நாட் வேகம் குறையும், அவ்வளவுதானே. "இந்தக் காத்துக்கா?" என்று கேட்கிற அப்பாவின் படகில் அடுத்த முறை ரீஃப் தாமதமாகத்தான் விழும்.

மனம்விட்டுப் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். பேசுவான், ஆனால் எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது. இருட்டில், இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, கேட்காமலே ஏதாவது வரும். ஒரு பெண்ணைப் பற்றி இருக்கலாம். எடுத்த பாடம் பிடிக்கவில்லை என்பதாக இருக்கலாம். உங்களைப் பற்றிய ஒரு பழைய குறையாகவும் இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். தீர்வு சொல்லாதீர்கள். அதைவிட முக்கியம், காலையில் அவன் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "ராத்திரி சொன்னியே, அது என்னாச்சு?" என்று தொடங்காதீர்கள். இரவில் சொன்னதை அவனாக எடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அடுத்தது, இருவர் மட்டுமா என்பது. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள ஃபால்மத் வரையிலான கரையோர ஓட்டத்துக்கும், ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரத்துக்கும் இருவர் போதும். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள பிஸ்கே விரிகுடாவுக்கும் அட்லாண்டிக்குக்கும் மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். மூன்று பேர் என்றால் மூன்று மணி நேர வாட்ச்சுக்குப் பிறகு ஆறு மணி நேர ஓய்வு. களைப்பில் வருகிற தவறுகளும் சண்டைகளும் பாதியாகக் குறையும். பெருங்கடல் பயணத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்று நிபந்தனை போடுகிற காப்பீட்டாளர்களும் உண்டு. உங்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். வெளியாள் ஒருவர் இருந்தால் அப்பாக்கள் பிள்ளைகளிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்பது உபரி லாபம்.

தேதிகளைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏ-லெவல் ரிசல்ட் ஆகஸ்ட் நடுவில் வரும். அதைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நல்ல வானிலை இடைவெளி கிடைத்ததும் ஃபால்மத்திலிருந்து கிளம்புங்கள். ஸ்பெயினின் லா கொருன்யாவுக்குச் சுமார் 450 மைல், மூன்றரை நாலு நாள். பிஸ்கேயில் நாலாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடல் திடீரென்று இருநூறு மீட்டருக்குள் மேடேறுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் அங்கே குத்தென்று எழும். செப்டம்பர் முற்றிய பிறகு அங்கே இருக்கக் கூடாது. உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் நாடுகளில் (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்கலாம். மதேராவும் கேனரி தீவுகளும் அதில் அடக்கம். ஜூலையிலேயே போய் இறங்கினால் காற்றுக்குக் காத்திருக்கும்போதே நாள் தீர்ந்துவிடும். ஆகஸ்ட் இறுதியில் இறங்கி, நவம்பர் கடைசி வாரத்தில் புயல் பருவம் முடியும்போது கேனரியை விட்டால் கணக்கு இடிக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ என்றால் விசா வேலையை இன்றே தொடங்குங்கள். ஒரே மூச்சில் 2,700 மைல் வேண்டாம் என்று தோன்றினால் கேப் வெர்டியில் மிண்டெலோ துறைமுகத்தில் நின்று போகலாம். அது ஷெங்கனுக்கு வெளியே. ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில் 2020 முதல் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைத் தாக்கி வருகின்றன, சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. கரையை ஒட்டி ஆழம் குறைந்த பகுதியிலேயே போகச் சொல்கிறார்கள். எங்கே பார்த்தார்கள் என்ற அன்றாடத் தகவலைப் பார்த்துப் பாதை போடுவது அவன் வேலையாக இருக்கட்டும்.

அவன் வேலை என்று சொன்னேன். அதைச் சும்மா சொல்லவில்லை. "இந்தக் கயிற்றைப் பிடி, அந்தக் கயிற்றை விடு" என்று மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் சலித்துவிடும். முழுசாக ஒரு பிரிவை அவனிடம் விடுங்கள். வழிகாட்டலாக இருக்கலாம், இன்ஜினாக இருக்கலாம். இன்ஜின் என்றால் டீசல் ஃபில்டர் மாற்றுவது, அடைத்த காற்றை வெளியேற்றுவது, தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றுவது எல்லாம் கிளம்பும் முன்பே அவன் கையால் செய்திருக்க வேண்டும். நீங்கள் டார்ச் பிடியுங்கள், வாயைத் திறக்காமல். டே ஸ்கிப்பர் என்ற படகுத் தலைவர் நடைமுறைப் பயிற்சிக்கு 16 வயது போதும், வேறு ஆசிரியரிடம் அனுப்புங்கள். சொந்த அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் காரணத்தைச் சொல்வார்கள். மெரினாவில் (படகு நிறுத்தும் துறையில்) படகைக் கட்டும்போது அவன் சுக்கானில் நிற்கட்டும், நீங்கள் கயிறு எடுங்கள். அப்பா மகன் சண்டையில் பெரும்பகுதி நடுக்கடலில் நடப்பதில்லை, நாலு பேர் வேடிக்கை பார்க்கிற மெரினாவில்தான் நடக்கிறது. சமையல் இருவருக்கும் பொது. பிரஷர் குக்கர் கட்டாயம்; படகு சாய்ந்தாலும் மூடி திறக்காது. சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கடல் தண்ணீர் விட்டால் உப்பும் ஆச்சு, நல்ல தண்ணீரும் மிச்சம்.

முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல் உண்டு. மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும். வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. எது ஒத்துக்கொள்கிறது என்பதைக் கால்வாயிலேயே சோதித்துப் பாருங்கள். ஒருவேளை பிஸ்கேயில் வாளியோடு உட்கார்ந்திருப்பது நீங்களாகவும், படகை ஓட்டுவது அவனாகவும் இருக்கலாம். வெட்கப்படாதீர்கள். உங்கள் பயணத்துக்கு அதைவிட நல்லது எதுவும் நடக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த "ம், சரி". அது சம்மதமா, மறுக்கத் தெரியாததா? மைக்கேல் பெர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பையன் 14 வயதில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து 2007 ஜனவரியில் ஆன்டிகுவா போய்ச் சேர்ந்தான். அவன் அப்பாவும் அதே கடலைக் கடந்தார், ஆனால் பின்னால் தனிப் படகில். உங்களை இரண்டு படகு வாங்கச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்குப் பயணம் தன்னுடையதாக இருந்தது என்பதைப் பாருங்கள். உங்கள் மகனிடம் வரைபடத்தை விரித்து, "இதில் எந்தப் பகுதிக்கு நீ வர ஆசைப்படுகிறாய்?" என்று கேளுங்கள். பிஸ்கே மட்டும் என்றால் அதுவரை. கேனரியின் லாஸ் பால்மாஸிலிருந்து விமானம் ஏறி வீட்டுக்குப் போகலாம், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது கிளம்பும் முன்பே, அம்மாவின் முன்னால், தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இறங்கிவிடலாம் என்று தெரிந்தவன்தான் பெரும்பாலும் இறங்காமல் வருகிறான். இறங்கினால் இறங்கட்டும்; உங்கள் மூன்றாவது ஆள் இருக்கிறார்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு ஆறுதல் வார்த்தை உதவாது, வேலை கொடுத்தால் உதவும். பாதைத் திட்டம், படகின் விவரம், ஈபிர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் கருவி) பதிவு எண், எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் அவரிடம் இருக்க வேண்டும். ஸ்டார்லிங்க் பழுதாகிச் செய்தி வராமல் போவது வேறு, ஆபத்து வேறு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தினசரி நண்பகல் இருக்குமிடத்தை அம்மாவுக்கு அனுப்புவது மகன் பொறுப்பு.

இதெல்லாம் ஆகஸ்டுக்கு. அதற்கு முன்னால், தேர்வு முடிந்த ஜூலையில், நீடில்ஸ் பாறைகளைத் தாண்டி பிரான்ஸின் ஷெர்பூருக்கு ஓர் இரவு ஓட்டம் போய் வாருங்கள். நீடில்ஸிலிருந்து சுமார் 60 மைல், பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஆறு மணி நேரம் கிழக்கே தள்ளுகிற நீரோட்டம் அடுத்த ஆறு மணி நேரம் மேற்கே தள்ளும். அந்தக் கணக்கை அவன் போடட்டும். கப்பல் தடத்தில் நெரிசல் அதிகம், அங்கே நீங்களும் மேலே இருங்கள். மற்ற நேரத்தில் அவன் வாட்ச் அவனுடையது, நீங்கள் கீழே படுக்க வேண்டும். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை முறை தலையை வெளியே நீட்டினீர்கள் என்பதை மட்டும் அவனிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் கணக்கை நான் நம்ப மாட்டேன்.